ஈடுசெய் கல்வி ஆசிரியர் சங்க வரலாறு: எந்த ஆண்டைத் தொடக்கமாகப் போடுவது?

குழித்துறை டீச்சர்:
ஈடுசெய் கல்வி, அதாவது மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களின் சங்கத்துக்குச் சிறப்பு மலர் போடுகிறோம். தீர்மானப் புத்தகத்தில் ஒரு வருஷம் இருக்கிறது, பதிவுச் சான்றிதழில் அதற்கு இரண்டு வருஷம் தள்ளி. எது சரி? "1965 அமெரிக்கச் சட்டத்தில் பிறந்த இயக்கம்" என்று முன்னுரையில் வருகிறது. அப்படி எழுதலாமா?

கோட்டாறு:
இரண்டு வருஷத்தையும் போடுங்க டீச்சர். முதல் தீர்மானம் எழுதிய நாள் சங்கம் கூடிய நாள், சான்றிதழில் இருப்பது பதிவான நாள். சான்றிதழில் எண்ணும் ஆண்டும் சாய்கோடு போட்டு இருக்கும். அதைக் குறிப்பிட்டு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேளுங்கள். எண் இல்லாமல் சங்கப் பெயரை மட்டும் சொன்னால் தேடுதல் இழுத்துக்கொண்டே போகும்.

முதலில் பார்க்க வேண்டியது அமைப்புக் குறிப்பின் (பதிவுக்காகக் கொடுத்த சங்க ஆவணம்) கையெழுத்துப் பக்கம். பதிவுக்குக் குறைந்தது 7 பேர் வேண்டும், அவர்கள் பெயரும் தொழிலும் முகவரியும் அதில் இருக்கும். மலர்களில் 'நிறுவனர்' பட்டியல் வருஷாவருஷம் நீளும், பின்னால் வந்த செயலாளர்களெல்லாம் அதில் ஏறிவிடுவார்கள். கையெழுத்துப் பக்கம் நீளாது. வரவு செலவு தாக்கல் ஆகாத வருஷங்களைப் பார்த்து 'சங்கம் முடங்கியது' என்று எழுதிவிடாதீர்கள். ரசீதுக் கட்டின் அடிக்கட்டையையும் பாருங்கள், அந்த வருஷங்களில் பணம் வசூலானதா என்று தெரியும்.

தக்கலை வாசகர்:
1965 ஏப்ரல் 11 அன்று அமெரிக்க அதிபர் ஜான்சன் கையெழுத்திட்ட கல்விச் சட்டத்தின் முதல் பகுதியான டைட்டில் 1, ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்குக் கூடுதல் பணம் தந்தது. ஈடுசெய் கல்வி என்ற சொல் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதற்காக உங்கள் சங்கம் அதில் பிறந்ததாகாது. அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

அங்கே இந்த வேலைக்கென்று தனிச் சங்கங்கள் தேவைப்பட்ட காரணம் வேறு. டைட்டில் 1 பணம் பள்ளிகளின் பொதுச் செலவில் கரைகிறது என்று 1969இல் ஓர் அறிக்கை அம்பலப்படுத்தியது. நிதி கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், உள்ளூர்ப் பணத்துக்கு மாற்றாகக் கூடாது என்று 1970இல் சட்டத்திலேயே சேர்த்தார்கள். இந்த விதியை வைத்து வரும் தணிக்கையைச் சமாளிக்கத் திட்டத்தை நடத்துபவர்கள் ஒருவரையொருவர் தேடினார்கள். ஒப்பிட்டு எழுத நினைத்தால் ஒன்று கவனியுங்கள்: 1981 சட்டத்தில் டைட்டில் 1இன் பெயர் 'சாப்டர் 1' ஆனது, 1994இல் மறுபடி டைட்டில் 1. பழைய பெயரை மட்டும் தேடினால் நடுவில் உள்ள காகிதங்கள் அகப்படாது.

குழித்துறை டீச்சர்:
அந்த வரியை எடுத்துவிட்டேன். இன்னொன்று: வகுப்பு நடக்கும் பழைய வாசகசாலையின் கல்வெட்டில் '1128 சித்திரை 10' என்று இருக்கிறது.

கோட்டாறு:
அது கொல்லம் ஆண்டு, கேரளப் பகுதியின் பழைய ஆண்டுக் கணக்கு. ஆவணியில் புது ஆண்டு பிறக்கும். டிசம்பர் முடியும்வரை 824, ஜனவரியிலிருந்து 825 கூட்டணும். அப்படியென்றால் 1953 ஏப்ரல் 22 அல்லது 23, பழைய பஞ்சாங்கத்தில் சரிபாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழகத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1 அன்றுதான். ஆகவே வாசகசாலையின் பழைய காகிதம் மலையாளத்தில் இருக்கலாம், படிக்கத் தெரிந்தவரை முதலிலேயே பிடித்துவையுங்கள். உங்கள் சங்கத்தின் தேதியோடு இதைக் கலக்க வேண்டாம், படத்துக்குக் கீழே போட்டால் போதும்.