‘நெகிழ்வு’ ஒன்றே போதுமா? மூட்டு அளவீட்டுச் சொற்கள்

குழுவினருக்கு வணக்கம்.

ஃபிளெக்ஸிபிலிட்டி, மொபிலிட்டி இரண்டையும் ‘நெகிழ்வு’ என்றே எழுதிவருகிறோம். மூட்டசைவுச் சோதனைப் படிவத்தில் இது தவறான பயிற்சியில் கொண்டுபோய் விடுகிறது. மல்லாந்து படுத்திருப்பவரின் காலை முழங்கால் மடங்காமல் நாம் தூக்கினால் 80 பாகை வருகிறது. அவரே தூக்கினால் 55-இல் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பின்தொடைத் தசைக்கு நீளம் இருக்கிறது, அந்த எல்லைவரை காலை ஆளும் வலுதான் இல்லை. இவருக்கு நீட்சிப் பயிற்சி வீண். தானே தூக்க முடிந்த உயரத்தில் 5 முதல் 10 விநாடி நிறுத்திப் பழக வேண்டும். இரண்டு அளவுமே 55 என்றால்தான் நீட்சி: 30 விநாடியாக இரண்டு முறை, வாரத்தில் 2, 3 நாளாவது.

என் பரிந்துரை: தசை இழுபடும் தன்மைக்கு நெகிழ்வு, மூட்டைத் தன் வலுவால் ஆள்வதற்கு இயங்குதிறன், பாகையில் வரும் அளவுக்கு அசைவு வீச்சு. வீச்சைத் தன்வினை வீச்சு (அவரே அசைப்பது), பிறவினை வீச்சு (நாம் அசைப்பது) என்று பிரிக்கலாம். எழுந்தான், எழுப்பினான் என்ற பாகுபாடு அப்படியே பொருந்துகிறது. தன்வினைக்குப் பதிலாகத் ‘தன்னியக்க’ வேண்டாம், அது தானியங்கிக் கருவிகளை நினைவூட்டும்.

மறுமொழி:

ஐயா, தன்வினை, பிறவினை அருமை. ‘இயங்குதிறன்’ மட்டும் இடிக்கிறது. நடமாடும் திறனையும் அது குறிக்குமே. ‘மூட்டியக்கத்திறன்’ என்றால் ஐயத்துக்கு இடமிருக்காது.

இரண்டு அளவும் குறைந்ததுமே தசை மீது பழிபோட வேண்டாம். உயர்த்திய காலில் பாதத்தை முகம் நோக்கி மடக்கும்போது கூச்சமோ, சுரீர் என்ற வலியோ கால் வழியே ஓடினால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே நீண்ட நேரம் இழுத்துப் பிடிப்பது எரிச்சலைக் கூட்டும். ஆகவே அசைவு எதனால் நிற்கிறது என்பதற்கும் சொல் தேவை. எலும்பில் எலும்பு முட்டுவதற்கு முட்டுத்தடை, மெல்ல இறுகி நிற்பதற்கு இழுதடை, கைக்குத் தடையே தட்டாமல் வலியால் நிறுத்தச் சொல்வதற்கு வலித்தடை. முட்டுத்தடையை நீட்சியால் மாற்ற முடியாது என்பதைப் படிவத்திலேயே சேர்த்துவிடலாம்.

மறுமொழி:

மூட்டியக்கத்திறனையும் மூன்று தடைகளையும் ஏற்கிறேன் அம்மா. மூட்டின் கோணத்தை அளக்கும் கோணமானியின் உறுப்புகளுக்கு நிலைக்கை (அசையாத கை), நகர்கை (காலோடு நகரும் கை) என்று வைப்போம். இரு கைகளும் சேரும் அச்சு இடுப்பின் பக்கவாட்டில் தட்டுப்படும் தொடையெலும்புப் புடைப்பில். நிலைக்கை உடலின் நடுக்கோட்டுக்கு இணையாக. நகர்கை முழங்காலின் வெளிப்புடைப்பை நோக்கி. மறுகாலின் தொடை மேலெழுந்தாலோ கீழ்முதுகு படுக்கையில் அழுந்தினாலோ இடுப்பெலும்பு பின்னால் உருண்டுவிட்டது. எண் பெரிதாக வரும், தசை மாறியிருக்காது. மறுதொடையை வாரால் கட்டி மீண்டும் அளக்க வேண்டும். அளப்பவர் மாறாமல் இருப்பது நல்லது. 5 பாகைக்குட்பட்ட வேறுபாட்டை முன்னேற்றம் என்று பதிய வேண்டாம். அதற்கு ‘அளவைப் பிசகு’ என்ற சொல் போதும்.