லோ சுகர் வந்தும் படபடப்பு இல்லை: பிரஷர் மாத்திரைக்காரர்கள் அனுபவம் சொல்லுங்கள்

மேட்டூர்க்காரன்
அப்பாவுக்குச் சுகரைக் குறைக்கும் க்ளிமிபிரைடு மாத்திரை ரொம்ப நாளாக. ஹார்ட் அட்டாக்குக்கு அப்புறம் மெட்டோப்ரோலால் சேர்த்தார்கள். முன்பெல்லாம் சுகர் இறங்கினால் கை நடுங்கும், அவரே சர்க்கரை டப்பாவைத் தேடிப் போவார். போன வாரம் சட்டை போட நின்றவர் ஒரே பட்டன் ஓட்டையைத் தடவிக்கொண்டே இருக்கிறார். கூப்பிட்டால் "ம்" என்கிறார். கையில் நடுக்கமே இல்லை. ஃபேன் ஓடுகிறது, பனியன் மட்டும் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது. குத்திப் பார்த்தால் 48. அந்த "ம்" இன்னும் காதிலேயே இருக்கிறது.

சுபா_கோவை
என் தங்கைக்கும் இதேதான். இன்சுலின் போடுகிறவள், மைக்ரேனுக்கு ப்ரோப்ரனலால் கொடுத்தார்கள். பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கேட்க, இவள் வீட்டுச் சாவியை நீட்டியிருக்கிறாள். பக்கத்து சீட்டு அக்கா கடலை மிட்டாய் கொடுத்துக் காப்பாற்றினார். இந்த மாத்திரையெல்லாம் சுகர்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

பழைய_பார்மசிஸ்ட்
மேலே சுபா சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் பீட்டா பிளாக்கர்தான், அதாவது அட்ரினலின் என்ற பதற்ற ஹார்மோனின் வேலையைத் தடுப்பவை, ஆனால் ஒன்றல்ல. மெட்டோப்ரோலால் பெரும்பாலும் இதயத்தோடு நிற்கும். ப்ரோப்ரனலால் கல்லீரல் சர்க்கரை விடுவதையும் தடுக்கும். 1966லேயே லான்செட் மருத்துவ இதழில் வந்த விஷயம். அதனால்தான் ரத்தநாளக் கட்டிக்கு அதைக் குழந்தைகளுக்குக் கொடுக்கும்போது பால் குடிக்க வைத்துத்தான் கொடுக்கச் சொல்வார்கள். மேட்டூர்க்காரரே, உங்கள் அப்பாவுக்குச் சுகரை இறக்கியது க்ளிமிபிரைடு. மெட்டோப்ரோலால் எச்சரிக்கை மணியை அடிக்கவிடாமல் செய்தது, அவ்வளவுதான்.
என் கடைக்கும் ஒருவர் வந்து, மருந்துச் சீட்டுக்குப் பதில் கரண்ட் பில்லை நீட்டினார். அதே கதை.
கேட்காவிட்டாலும் சொல்கிறேன். படபடப்பும் நடுக்கமும் அட்ரினலின் வேலை, பீட்டா பிளாக்கர் சாப்பிட்டால் அவை மறையும். வியர்வைச் சுரப்பிக்கு உத்தரவு வேறு வழியில் போகிறது, அதனால் வியர்வை மறையாது. 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பாருங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 108. பயந்துபோய் மெட்டோப்ரோலாலைச் சட்டென்று நிறுத்தாதீர்கள், நெஞ்சுவலி திரும்பிவிடும்.

மேட்டூர்க்காரன்
சரி சார். வியர்வையைப் பார் என்கிறீர்கள், இந்த மே மாதத்தில் யாருக்குத்தான் வியர்க்கவில்லை? டாக்டர் க்ளிமிபிரைடைப் பாதியாக்கி, மெட்டோப்ரோலாலை அப்படியே விட்டிருக்கிறார். ராத்திரி தூக்கத்தில் இறங்கினால் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள், யாராவது சொல்லுங்கள்.