கடற்காற்றில் சந்தன ஊதுபத்தி காய என்ன வழி?

அஸ்ஸலாமு அலைக்கும். கீழக்கரையிலிருந்து எழுதுகிறேன். சந்தனத்தூளும் அகில்தூளும் கலந்து வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டுகிறேன். கரித்தூளும் செயற்கை வாசனையும் சேர்க்க மனமில்லை. கட்டையின் மணம் மட்டும் வந்தால் போதும்.

மாவு பிரச்சினை இல்லை. ஒட்டுவதற்கு ஜிகட் என்கிற மரப்பட்டைப் பொடி போட்டு, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, சப்பாத்தி மாவைவிடக் கொஞ்சம் இறுக்கமாகப் பிசைந்தால் குச்சியில் நன்றாகப் பிடிக்கிறது. காயவைப்பதில்தான் திண்டாட்டம். வெயிலில் வைத்தால் குச்சி வளைகிறது, மணமும் போய்விடுகிறது. நிழலில் வைத்தால் இந்த உப்புக்காற்றில் ஈரம் இறங்குவதே இல்லை. ஐப்பசி மழையில் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படர்கிறது. பற்றவைத்தால் பாதியில் அணைகிறது.

மண்டபம், தேவிபட்டினம், ஏர்வாடி பக்கம் கரையோரம் இருந்தே செய்கிறவர்கள் எப்படிக் காயவைக்கிறீர்கள்? மூடிய பெட்டிக்குள் சுண்ணாம்புக்கல் வைத்தால் ஈரத்தை இழுக்குமா? மழைக்காலத்துக்கு மட்டும் ஜிகட்டைக் குறைக்கலாமா?

அப்புறம் அத்தர். சந்தனத்தூளை எண்ணெயில் ஊறவைத்தால் மணம் லேசாகத்தான் இறங்குகிறது. முறையாக வடித்தெடுக்க வைரக்கட்டை, அதாவது மரத்தின் உள்கட்டை, வேண்டும், அடுப்பும் நாள் கணக்கில் எரிய வேண்டும், வீட்டில் கட்டுப்படியாகாது. ஊறவைக்கும் முறையிலேயே மணத்தைக் கூட்டத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பெருநாளுக்குள் உம்மாவுக்கு ஒரு சின்னக் குப்பி கொடுத்துவிட வேண்டும்.