சாம்பார் ஏன் தண்ணீராக இருந்தது? சத்துணவுக் கூட அனுபவங்கள்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருந்தபோது நடந்தது. "சாம்பார்ல பருப்பே இல்லப்பா" என்று மகன் வாரா வாரம் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேராகச் சத்துணவுக் கூடத்துக்கே போய்விட்டேன். சண்டை போடத்தான் போனேன்.

உள்ளே சமையலர் அக்கா மட்டும் இருந்தார். ஒரு மையத்துக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பேர் வேண்டும். உதவியாளர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. அமைப்பாளர் பக்கத்து ஊர் மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்ப்பதால் அன்று அங்கே போயிருந்தார். 130 பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு வரை ஆளுக்கு 100 கிராம் அரிசி, அதற்கு மேல் 150 கிராம் என்று கணக்கு. பதினைந்து கிலோ அரிசிக்கு மேல் போகும். அதைக் களைந்து உலையில் போட்டு, வெந்ததும் அண்டாவைச் சாய்த்துக் கஞ்சி வடித்து, காய் நறுக்கி எல்லாம் அவர் ஒருவரே. தண்ணீரைக் கழிப்பறைப் பக்கத்துக் குழாயிலிருந்து குடம் குடமாகச் சுமந்து வந்தார்.

நான் கேட்பதற்குள் அவரே கரண்டியை அண்டாவின் அடிவரை விட்டு எடுத்துக் காட்டினார். "பருப்பு போட்டிருக்கேன் தம்பி, பாருங்க." பருப்பு இருந்தது, ஆனால் குழையவில்லை. முழுசு முழுசாக அடியில் தங்கிவிட்டது. குழைய வேகவிட்டால் முட்டை உரிக்க நேரம் இருக்காது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் உரித்தேன். இருவருமாக உரித்தே அரை மணி நேரம் ஆனது.

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். ஊராட்சியில் சொல்லிக் குழாயைச் சமையலறைக்குள் இழுத்தோம். முன்னாள் மாணவர்கள் இரண்டு பெரிய குக்கர் வாங்கித் தந்தார்கள். இப்போது பருப்பு குழைகிறது. அம்மாக்கள் முறைபோட்டு முட்டை உரிக்க வரலாம் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சம்பளம் கொடுத்து ஆள் போட வேண்டிய வேலை அது. 2024 கடைசியில் மாநிலம் முழுக்க 8,997 உதவியாளர்களை எடுக்க அரசு ஆணை வந்தது, தொகுப்பூதியம் மாதம் 3,000 ரூபாய். ஒரு நாளைக்கு நூறு ரூபாய். காட்டு வேலைக்குப் போனாலே அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

* * *

மேலே எழுதிய தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. நான் ஓய்வு பெற்ற சத்துணவு அமைப்பாளர். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அந்த வருடமே அமைப்பாளராகச் சேர்ந்தேன், அப்போது எனக்கு வயது 21. கீற்றுக் கொட்டகை, மூன்று கல் அடுப்பு, மழைக்காலத்தில் ஈர விறகு. எங்கள் சமையலர் அம்மாவுக்குப் பத்தே வருடத்தில் கண் மங்கிவிட்டது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் போனார்கள். சமையல் கொட்டகையில் பிடித்த தீ அது. செய்தி கேட்டு எங்கள் சமையலர் அம்மா அன்று அடுப்புப் பக்கமே போகாமல் அழுதார். அதற்குப் பிறகுதான் எங்கள் கீற்றைப் பிரித்து மேலே ஓடு போட்டார்கள். இத்தனை வருடம் மனு கொடுத்தும் நடக்காதது, அத்தனை பிள்ளைகள் போன பிறகு ஒரே மாதத்தில் நடந்தது. இன்றும் என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

காய்கறிப் பணமும் கேஸ் பணமும் தாமதமானால் கடையில் என் பெயரில்தான் கடன். ஓய்வு பெற்றபோது எனக்குக் கிடைத்தது மாதம் 2,000 ரூபாய் சிறப்பு ஓய்வூதியம். மற்ற அரசு ஊழியர்களுக்குப் போலக் காலமுறை ஊதியம் கேட்டு நாங்கள் உட்கார்ந்த போராட்டங்களுக்குக் கணக்கே இல்லை.

* * *

நான் மகளிர் குழுவிலிருந்து காலை உணவு சமைக்கிறேன். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு 2023 ஆகஸ்டில் வந்தது. ஐந்தரைக்குப் போய் அடுப்பு பற்றவைத்தால்தான் எட்டேகாலுக்குப் பரிமாற முடியும். புதன்கிழமை பொங்கல், சாம்பார். அன்று வருகை கூடும் என்று டீச்சரே சொல்கிறார். முன்பு காலை வழிபாட்டில் மயங்கி விழும் பையன் ஒருவன் இப்போது இரண்டாவது முறை தட்டு நீட்டுகிறான், அவனுக்கு நானே அள்ளி வைப்பேன்.

அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் அம்மாவாக இருக்க வேண்டும் என்பதால்தான் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. என் மகள் இப்போது ஐந்தாம் வகுப்பு. வருகிற ஜூனில் அவள் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போகிறாள். பக்குவம் கைக்கு வந்த நேரத்தில் நான் கரண்டியை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும். வேறு ஊர்களில் இதற்கு ஏதாவது வழி செய்திருக்கிறார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள் அக்கா, அண்ணா.