மறு: பேட்டரி ஐசொலேட்டர் – ‘கலிங்கு’ என்றால் என்ன குறை?

குழுவினருக்கு வணக்கம். வண்டியில் இருக்கிற இரண்டு பேட்டரிகளைத் தேவைக்கேற்பச் சேர்த்தும் பிரித்தும் வைக்கிற ‘ஐசொலேட்டர்’ என்ற கருவிக்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அதில் வந்த கேள்வி:

> தனிமைப்படுத்தி, பிரிப்பான், மின்காப்பி. இந்த மூன்றில் ஒன்றை முடிவு செய்துவிடலாமா?

மூன்றும் வேண்டாம் என்பேன். ஏன் என்று சொல்ல, போன மாதம் காரைக்குடியில் எங்கள் வீட்டு வாசலில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும்.

என் மச்சான் ஒரு பழைய வேனைக் கேரவனாக மாற்றி வைத்திருக்கிறார். கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடியில் கல் வார்க்கும் பட்டறைகளையும் பார்க்கக் குடும்பத்தோடு வந்தார். வண்டியில் இரண்டு பேட்டரி: ஒன்று எஞ்சினைக் கிளப்ப, மற்றது உள்ளே இருக்கிற விளக்கு, ஃபிரிட்ஜ், மின்விசிறிக்கு. பகலெல்லாம் ஓட்டியும் இரண்டாவது ஏறவில்லை; ராத்திரி எட்டு மணிக்கே விளக்கு மங்கிவிடும். வரும் வழியில் ஓர் எலக்ட்ரீசியனிடம் “ஐசொலேட்டரைப் பாருங்க” என்றிருக்கிறார். அவர் சாவி போட்டுத் திருப்புகிற சிவப்பு கட்-ஆஃப் சுவிட்சைச் சோதித்து, “அது நல்லாத்தாண்ணே இருக்கு, பேட்டரிதான் செத்துப்போச்சு” என்று புதிதாக ஒன்றை மாட்டி அனுப்பிவிட்டார். அவரை முழுதாகக் குறை சொல்லவும் முடியாது. அந்தச் சுவிட்சுக்கும் ஐசொலேட்டர் என்றுதான் பெயர்.

நாங்கள் மீட்டரை எடுத்தோம். எஞ்சின் ஓடும்போது முதல் பேட்டரியில் 14.1 வோல்ட். அப்படியானால் எஞ்சினோடு சுற்றி மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டர் சரி. இரண்டு பேட்டரியையும் இணைக்கிற ரிலே என்ற தானியங்கிச் சுவிட்சுதான் மச்சான் சொன்ன ஐசொலேட்டர். அதன் ஒரு முனையில் 14.1, மறு முனையில் 12.2. ‘டக்’ என்ற சத்தமும் வரவில்லை. ரிலேயின் எர்த் ஒயர் சேசிஸைப் பிடிக்கிற இடம் முழுக்கத் துரு. உப்புத்தாளால் தேய்த்து போல்ட்டை இறுக்கியதும் டக்! கொஞ்ச நேரத்தில் இரண்டாவதிலும் 13.8 வந்துவிட்டது. புது பேட்டரிக்குக் கொடுத்த பணத்தை நினைத்து மச்சான் ராத்திரி சரியாகச் சாப்பிடவே இல்லை.

இப்போது சொற்களுக்கு வருவோம். மின்காப்பி என்பது ஒயர் மேல் இருக்கும் உறை, கம்பத்தில் இருக்கும் பீங்கான். அது வேறு சாமான். பிரிப்பான் பேட்டரிக்குள்ளேயே இருக்கிறது, தகடும் தகடும் தொடாமல் நடுவில் நிற்பது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இந்த இரண்டையும் குழப்பினால் நன்றாக இருக்காது. தனிமைப்படுத்தி என்றால் கொரோனா வார்டு ஞாபகம்தான் வருகிறது. சிவப்பு சுவிட்சுக்குத் துண்டிப்பான் போதும்.

எங்கள் ஆச்சியிடம் விளக்கியபோது, “ஒரே வீடு, ஒரே வரும்படி, அடுப்பு மட்டும் தனி. வேறு வச்சிருக்கு, அவ்வளவுதானே?” என்றார்கள். கல்யாணமான மகனுக்கு அதே வீட்டில் தனிச் சமையல் வைக்கிற நகரத்தார் வழக்கம் தெரிந்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ‘வேறுவைப்பி’ என்று எழுதிக்கூடப் பார்த்தேன். ஆனால் அது பிரிவதை மட்டும் சொல்கிறது. நம் ரிலேயின் பாதி வேலை சேர்ப்பது. முதல் பேட்டரி ஏறி வோல்ட்டேஜ் சுமார் 13.3 ஆனதும் இரண்டாவதுக்கு வழிவிடுகிறது, சுமார் 12.8-க்கு இறங்கினால் வழியை அடைக்கிறது. மேல்கண்மாய் (ஏரி) பெருகி, மிகுந்த தண்ணீர் வெளியேறுவதற்கென்று கரையில் கட்டிய கலிங்கில் வழிந்து, மறுகால் (உபரிநீர் ஓடை) போய்க் கீழ்க்கண்மாயில் சேர்கிற மாதிரி. சிவகங்கைச் சீமையில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ‘மின்கலிங்கு’. அந்நாளில் ஆங்கிலேயர்களே பாசன அறிக்கைகளில் ‘கலிங்குலா’ என்று எழுதினார்கள். நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

(மறுநாள்)

> கலிங்கு கல்கட்டு. வழிந்த தண்ணீர் மேலே திரும்பாது. ரிலே சேர்ந்துவிட்டால் மின்சாரம் இரண்டு பக்கமும் ஓடுமே, ஐயா?

சரியான அடி. கலிங்கில் நட்டிருக்கும் கற்களுக்கு இடையே பலகை போட்டு மண் அணைப்பதையும் கணக்கில் சேர்த்தால் திறப்பு, அடைப்பு இரண்டும் வந்துவிடும். திரும்பி ஓடுவது மட்டும் வராது. லித்தியம் மாட்டியவர்களுக்கு அது நிஜமான தொல்லை: அந்த பேட்டரி சும்மா இருக்கும்போதே 13.3 பக்கம் நிற்பதால், எஞ்சினை நிறுத்தினாலும் சில ரிலேக்கள் பிரிவதே இல்லை. ஆனாலும் சொல்லை மாற்ற மாட்டேன். பழுது பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ‘மேலே பெருகிச்சா, கீழே வந்துச்சா’ என்பதுதான். அதைக் கலிங்கு கேட்க வைக்கிறது.

மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடுகிற டயோடு வகை ஐசொலேட்டரை இதில் சேர்க்க வேண்டாம். அது ஒன்று நிரம்பும்வரை காத்திருக்காது, போகிற வழியில் 0.7 வோல்ட்டையும் தின்றுவிடும். ‘ஒருவழி டயோடு’ என்றே இருக்கட்டும்.

அப்புறம், டிசி-டிசி சார்ஜர். புது வண்டிகளில் ஆல்டர்னேட்டர் வேண்டுமென்றே வோல்ட்டேஜைக் குறைக்கும்போது, அதைக் கூட்டி இரண்டாவது பேட்டரிக்குத் தருகிறது, பள்ளத்திலிருந்து மேட்டுக்கு இறைக்கிற மாதிரி. ஏற்றம் என்றிருப்பேன், சார்ஜ் செய்வதற்கு மின்னேற்றம் என்று ஏற்கெனவே வைத்துவிட்டோம். மாடு கட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ‘கமலை’ காலியாக இருக்கிறது. யாருக்காவது ஆட்சேபணை உண்டா?