பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஸ்டியரிங் ஆட்டம்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம். என்னுடையது முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே ஆக்ஸில் வைத்த பழைய வண்டி, அப்பா ஓட்டியது. சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான சிஓஇ சான்றிதழைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், விட மனமில்லை. ஒரு மாதமாக ஸ்டியரிங் லூஸ். நேராகப் போகும்போது மூன்று விரல் அகலம் திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. பிஐஇ விரைவுச்சாலையில் 70-ஐத் தாண்டினால் வண்டி லேனுக்குள் அலைகிறது. பாலத்தின் இணைப்பில் ஏறி இறங்கியதும் கை நடுங்குகிற மாதிரி ஒரு உதறல். பிள்ளைகளை ஏற்றப் பயமாக இருக்கிறது.

பட்டறையில் அலைன்மென்ட் பார்த்தார்கள், டயர் பேலன்ஸ் செய்தார்கள். மாற்றமில்லை. அப்புறம் ஸ்டியரிங் பாக்ஸ் ஸ்க்ரூவை இறுக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றேன். அளவுக்கு மீறி இறுக்கினால் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும், பல்லும் தேயும்.

நேற்று மனைவி ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் அசைக்க, நான் டார்ச்சோடு கீழே படுத்துப் பார்த்தேன். சக்கரங்களைத் திருப்பும் டை ராடு முனைகள் உறுதியாக இருந்தன. ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்டு ராடின் புஷ்ஷில் ரப்பர் வெடித்து, போல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. ஒவ்வொரு அசைவுக்கும் ஆக்ஸிலே சற்று நகர்ந்தது.

இவ்வளவு ஆட்டத்துக்கும் புஷ் மட்டும் காரணமாகுமா? ஜாக்கி போட்டுச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக அசைகிறது. அது சக்கரம் இடம் வலம் திரும்பும் கிங்பின் பேரிங்கா, வீல் பேரிங்கா, எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது? காக்கி புக்கிட், சின் மிங் பக்கம் இந்த வேலை தெரிந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்கப் போவதில்லை.