‘இன்ஃபார்மல்’ என்பதற்கு ‘முறைசாரா’ போதுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

அரசுப் பதிவுக்கும் தொழில் சட்டங்களுக்கும் வெளியே நடக்கும் சிறுதொழில்களைக் குறிக்கும் ‘இன்ஃபார்மல் செக்டர்’ என்பதற்கு ‘முறைசாராத் துறை’ வழக்கில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று ஐயா ஒருவர் நேற்றுக் கேட்டிருந்தார். நியாயமான கேள்விதான். ஆனாலும் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது.

மானிடவியலாளர் கீத் ஹார்ட், கானாவின் அக்ரா நகரில் நீமா பகுதி மக்களைப் பற்றி 1971இல் வாசித்த கட்டுரை வழியாகத்தான் இந்தக் கருத்து பொருளியலுக்குள் வந்தது. வேலையற்றோர் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஓயாமல் உழைத்துக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார். மறு ஆண்டு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் கென்யா அறிக்கை அதைப் பரப்பியது. நைரோபியின் கிகோம்பாவில் பழைய பீப்பாயை வெட்டி, தகடாகத் தட்டி, அடுப்பும் டிரங்குப் பெட்டியும் செய்கிறார்கள். பையன்கள் கூடவே இருந்து தொழில் பழகுகிறார்கள். இதிலா முறை இல்லை? போதாததற்கு, ‘முறைசாராக் கல்வி’ என்று வேறொன்றுக்கும் இதே சொல்லைக் கொடுத்துவிட்டோம்.

கென்யர்கள் இதை ‘ஜுவா காலி’ என்கிறார்கள். சுவாகிலியில் சுடுவெயில் என்று பொருள். அதைப் பார்த்து ‘வெயில்தொழில்’ என்று எழுதலாமா என முதலில் ஆசைப்பட்டேன். எங்கள் தெரு அக்கா ஒருவர் அதைக் கைவிட வைத்தார். திருப்பூர் பனியன் மூட்டையை நடுவீட்டில் பிரித்துப் போட்டு, சிறு கத்தரியால் பிசிர் வெட்டுகிறார். டஜன் கணக்கில் கூலி. எத்தனை டஜன் என்பது மகளின் பள்ளி நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவர் மேல் வெயிலே படுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிலாளர் புள்ளியியல் அறிஞர்களின் 1993 மாநாடு தொழிலகத்தை வைத்துத் துறையை வரையறுத்தது. 2003 மாநாடு வேலையை வைத்து ‘இன்ஃபார்மல் எம்ப்ளாய்மென்ட்’ என்பதைத் தனியாக வரையறுத்தது. வங்கி முறையாகப் பதிவானது. அதன் ஏடிஎம் வாசலில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்கும் காவலருக்கு வருங்கால வைப்புநிதி இல்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை என்றால்? துறை வேறு, வேலை வேறு. ‘முறைசாரா’ இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆகவே தொழிலகத்துக்குப் ‘பதிவிலாத் துறை’, வேலைக்குக் ‘காப்பிலா வேலை’ என இரண்டு சொற்களை முன்வைக்கிறேன். ‘பதிவிலாத் தொழிலாளி’ என்று மட்டும் வேண்டாம். நம் ஊரில் நல வாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருக்கும் கட்டடத் தொழிலாளர் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பதிவு இல்லாதது தொழிலகத்துக்குத்தான்.

வழக்கில் உள்ள இன்னொரு சொல்லான ‘அமைப்புசாரா’ ஏன் கூடாது என்பதற்கு, சுயதொழில் செய்யும் ஏழைப் பெண்களின் சங்கமான அகமதாபாத்தின் ‘சேவா’வே விடை. 1972இல் அதன் நிறுவனர் எலா பட் அதைத் தொழிற்சங்கமாகப் பதியப் போனபோது, முதலாளியே இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று முதலில் மறுத்தார்கள். விடாமல் நின்று பதிந்தார்கள். அந்தப் பெண்களை அமைப்புசாராதவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

இவையும் எதிர்மறைச் சொற்கள்தானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் குறை அரசின் ஏட்டிலும் சட்டத்திலும் இருக்கிறது என்று இவை காட்டுகின்றன. ‘முறைசாரா’ அதை உழைப்பவர் தலையில் சுமத்துகிறது. உலகில் வேலை செய்வோரில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், சுமார் 200 கோடிப் பேர், இப்படிப்பட்ட வேலையில்தான் இருக்கிறார்கள் என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் கணக்கிட்டது.

‘காப்பிலா’ என்றால் பட்டாசு ஆலை போல ஆபத்தான வேலை என்று படிப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற ஐயம் மட்டும் எனக்கு இருக்கிறது. ‘சட்டக்காப்பிலா’ என்றால் தெளிவு, ஆனால் நீளம். இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.